முப்பத்தெட்டு சதவீத மேகம்

மார்ச் 4 – முதல் படம் – 42,000
ஏப்ரல் 17 – இரண்டாம் படத்துக்கு விண்ணப்பம் – 18,500
மே 30 – நினைவூட்டல் – 18,500
ஜூன் 22 – நினைவூட்டல் – 18,500

இந்த நான்கு வரிகளும் தொல்லியல் அலுவலகத்தில் எல்லோரும் படக்காரர் என்று கூப்பிடும் மனிதர் தன் பதிவேட்டில் எழுதியவை. எங்கே தோண்டலாம் என்று பார்க்கச் செயற்கைக்கோள் படங்களைத் தேர்ந்தெடுப்பது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. கண் இரண்டும் தேய்ந்துவிட்டன.

புதுச் சாலை போகவிருந்த ஒரு வயலுக்கடியில் பழைய கட்டடம் இருக்கலாம் என்று சந்தேகம். ஜூன் முடிவதற்குள் நிரூபித்தால் சாலையைத் தள்ளிப் போடுவார்கள். அந்த இடத்துக்குக் கிடைத்தவை இரண்டே படங்கள். மழை முடிந்ததும் எடுத்ததில் மேகமே இல்லை. வறண்ட கோடையில் எடுத்ததில் மேகம் முப்பத்தெட்டு சதவீதம். பத்தைத் தாண்டினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது அவர் வழக்கம். முதலாவதை வாங்கினார். வயல் முழுக்க ஒரே பச்சை.

"படம் அழகா இருக்கு சார், சுவத்துல மாட்டலாம்" என்றார் அகழாய்வு அதிகாரியம்மா. "நமக்கு வேண்டிய சுவருதான் காணோம்."

அதன் பிறகுதான் ஒதுக்கிய படத்தின் இலவச மாதிரியைத் திறந்தார். மேகமெல்லாம் கிழக்கு மூலையில் ஒண்டிக் கிடந்தது. வயல்மேல் ஒரு திட்டுக்கூட இல்லை. அடியில் கல் இருந்தால் கோடையில் அந்த இடத்துப் பயிர் முதலில் வாடும். வெளிறிய கோடு ஒன்று வயலுக்குள் சதுரமாகத் திரும்பியது. மங்கிய மாதிரி ஆதாரமாகாது. சொந்தக் காசில் வாங்கிய படத்தையும் விதி ஏற்காது.

"முப்பத்தெட்டுன்னு போட்டிருந்தது. மேகம் எங்க நிக்குதுன்னு நான் பாக்கலை" என்றார் மனைவியிடம்.

"மண்ணுக்கடியில இருக்கிற சுவரு தெரியுது, மேசை மேல இருக்கிற கண்ணாடி தெரியலையாக்கும். சாப்பிடுங்க, கை காயுது."

ஜூலை 1 அன்று சாலை போடும் இயந்திரங்கள் வயலில் இறங்கின. மூன்றாம் நாள் அதிகாரியம்மா வயலிலிருந்து பேசினார்.

"கல்லு வருது சார். லாரியில ஏத்திக்கிட்டே இருக்காங்க."

"மூலை திரும்புதா?"

"திரும்பிச்சு சார்."

போனை வைத்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருந்த பத்து சதவீத விதியை அடித்துவிட்டு, 'மேகம் எங்கே என்று பார்' என்று எழுதினார்.

இரண்டாம் படத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது ஜூலை 19.