நான் சொன்ன "சரிங்க"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக அமைதியான சூழல் வேண்டும் என்று என் கைடு சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், என் கணவர் சூழலை உருவாக்கக் கிளம்பிவிட்டார். மாடி அறையைக் காலி செய்தார், புது டியூப்லைட் மாட்டினார், டிவியைத் துண்டு போட்டு மூடினார். அடுப்படியை மட்டும் அவருடைய சூழல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இட்லிக்கு மாவாட்டி வைத்துவிட்டுத்தான் நான் அந்த அமைதிக்குள் போக வேண்டும்.

போனால் மட்டும் விட்டார்களா? வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "அம்மணி மேல படிக்குது, சத்தம் போடாதீங்க" என்று வீதி முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். அதைக் கேட்டபின் என்னைப் பார்க்காமல் போனால் மரியாதையில்லையே, மாடியேறி வந்துவிடுவார்கள். "தொந்தரவு பண்ண வரலீங்க, நீங்க படிங்க" என்று கட்டிலில் உட்கார்ந்து, கொடுமுடியில் நடந்த கல்யாணத்தை முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் சொல்லி முடிப்பார்கள். "டாக்டராகப் போறே, ஊசி போடக் கத்துக்க கண்ணு" என்றார் ஒரு சித்தப்பா. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: சரிங்க. எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம் என்றில்லை. காதில் விழுந்தது, நீங்கள் கிளம்பலாம் என்றும் அர்த்தம். அந்த மாதம் முழுக்க நான் உருப்படியாகப் பழகியது அது ஒன்றைத்தான்.

தேர்வு நாளன்று வந்த தேர்வாளர் மெட்ராஸ்காரர்; கேட்க வந்தவர்களும் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். காரமடைப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏன் உப்பாகிறது என்பது என் ஆய்வு. வருஷக்கணக்கில் வெயிலில் கிணறு கிணறாக அலைந்து, போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சுவதுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். ஒரு கிணற்றையும் எட்டிப் பார்த்திராத அந்த மனிதர், "உப்பு பாறையிலேர்ந்து வருதும்மா, உங்க முடிவு தப்பு" என்றார். பழக்கதோஷத்தில் என் வாய் "சரிங்க சார்" என்றது.

"ஒத்துக்கறாங்க" என்று கைடிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். கைடும் எங்கள் ஊர்க்காரர்தான், அர்த்தம் தெரிந்தவர்தான். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷ உழைப்பு ஒரு மரியாதை வார்த்தையில் போகப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதாதீங்க சார். எங்கூர்ல சரிங்கன்னா, நீங்க சொன்னது கேட்டுச்சுன்னு அர்த்தங்க. ஒத்துக்கிட்டேன்னு இல்லீங்க. பாறைதான் காரணம்னா, அதே பாறையில போர் போடாத தோட்டத்துக் கிணறு மட்டும் ஏனுங்க இன்னும் நல்ல தண்ணியா இருக்குது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எழுதியதை அடித்துவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். "நாஞ் சூழல் பண்ணிக் குடுக்கலீன்னா நடந்திருக்குமா" என்று என் கணவர் ஒவ்வொருவரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "படிப்புதான் முடிஞ்சுபோச்சே, எல்லாத்துக்கும் காபி போடு அம்மணி" என்றார்.

"சரிங்க" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, உள்ளூர்க்காரர். அடுப்படிக்குப் போனவர், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார்.