தூதரகத்தின் பின்கட்டு

தையல்காரம்மா அந்தத் தூதரகத்தின் பின்கட்டுக்குக் குடிவந்தபோது, அதைத் தூதரகம் என்று சொல்ல ஒரு மொட்டைக் கொடிக்கம்பம்தான் மிச்சமிருந்தது. தூதரகத்துக்குரிய நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும், இங்கிருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றோர வீடுகளை வெள்ளம் வாரிக்கொண்டு போன வருஷம், போக்கிடமில்லாத ஆறு குடும்பங்கள் அங்கே வேலையாட்களுக்காகக் கட்டியிருந்த அறைகளில் புகுந்தன. ஏனென்று கேட்க ஆளில்லை. ஒழுகிய கூரைக்குத் தகரம் அடித்தார்கள். அடைத்துக்கிடந்த சாக்கடையைத் தோண்டிச் சீராக்கினார்கள். அவள் சன்னலோரம் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்தாள். வயிற்றில் சுமந்துகொண்டு வந்த மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

பதினைந்தாவது வருஷம் கொடி திரும்பவும் ஏறியது. ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் காகிதம் ஒட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை. தூதர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள காலை வச்சா வேற நாடும்மா. மேலேருந்து எழுத்துல வராம நான் வரமாட்டேன்" என்று தையல்காரம்மாவிடமே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கோர்ட் உத்தரவில்லாமல் யாரையும் தெருவில் தள்ள முடியாது என்றது வெளியுறவு அமைச்சகம். எங்கள் இடத்தில் உங்கள் கோர்ட்டுக்கு என்ன வேலை என்று மல்லுக்கட்டியது தூதரகம். எட்டு மாதம் கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் வேறு வழியில்லாமல் தூதரகமே கோர்ட்டில் வழக்குப் போட்டது. பின்கட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. துரத்துவதானால் மாற்று இடம் வேண்டும் என்று பதில் மனு கொடுத்தார்கள். பேசுவதற்கு எல்லோருமாகத் தையல்காரம்மாவை முன்னால் தள்ளினார்கள்.

"ரெண்டு கவர்ன்மென்ட் மோதுற இடத்துல நமக்கென்ன வேலை?" என்று முணுமுணுத்தார் அவள் வீட்டுக்காரர்.

"நாம குடியிருக்கிறதே அந்த இடத்துலதானே!" என்றாள் அவள்.

விசாரணையன்று தூதரக வக்கீல் எழுந்தார். "இவங்க மனுவை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை, ஐயா. அது தூதரக இடம்."

தையல்காரம்மா எழுந்துவிட்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கம்மா" என்றார் நீதிபதி.

"எங்க பேச்சைக் கேக்க உங்களுக்கு அதிகாரம் இல்லேங்கறாரு. அப்போ எங்களைத் துரத்தறதுக்கு மட்டும் எப்படிங்க உங்ககிட்ட வந்து நிக்கிறாரு?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பதில் சொல்லுங்க சார். அதிகாரம் இருக்கா, இல்லையா?" என்றார் நீதிபதி.

வக்கீல் அவகாசம் கேட்டார். அவகாசம் முடியும் முன்பே இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டன. பக்கத்திலிருந்த காலிமனை தூதரகத்துக்கு, பின்கட்டு நகராட்சிக்கு. இடையில் ஒரு சுவர் எழுந்தது, பின்தெருவைப் பார்த்து ஒரு வாசல் திறந்தது. அறைகள், புதுக் கதவு எண்களோடு, இருப்பவர்கள் பேரிலேயே ஒதுக்கப்பட்டன.

நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா படிவத்தை நீட்டி, "விலாசத்தை எழுதுங்கம்மா" என்றார். தையல்காரம்மா பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் அடங்காத பெரிய எழுத்தில், கதவு எண் ஒன்று என்று தொடங்கினாள்.