சலூன்காரரின் இடுப்பளவு

உடம்பை அளப்பது யார் வேலை? டெய்லருக்கு இதில் சந்தேகமே கிடையாது. இருபத்தாறு வருஷமாகக் கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருப்பவர் அவர். அந்தத் தெருவில் யாருக்குத் தோள் சரிவு, யாருக்கு ஒரு கை நீளம், யாருக்குத் தொப்பை எந்த வருஷம் முளைத்தது என்பதையெல்லாம் அளவு நோட்டைப் புரட்டாமலே சொல்வார். அப்படிப்பட்டவர் இருக்கும்போது, பிரஷர் அளக்கும் மெஷினைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடைச் சலூன்காரரிடம் கொடுத்தார்கள்.

கொடுத்தது சுகாதாரக் குழு. தெருக்கோடியில் உள்ள சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை தெருக்காரர்கள் கூடி, நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்று பேசுவார்கள். அன்று நர்ஸம்மா பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பொம்பளைங்க வர்றாங்க, குழந்தைங்க வருது. மார்க்கெட் பின்னாடி இருக்கிற சுமைக்காரங்க ஒருத்தர்கூட இதுல இல்லையே, ஏன்?"

சுமைக்காரர்களின் மேஸ்திரி எழுந்தார். "நாங்க மூட்டை இறக்கி முடிக்கிறப்ப உங்க கதவு பூட்டியிருக்கும்மா. ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது."

"அப்ப அவங்க எங்கதான் பத்து நிமிஷம் சும்மா உட்காருவாங்க?"

"சலூன்ல!" கூட்டமே சேர்ந்து சொன்னது.

டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அளவெடுக்கிறதுன்னா..." என்று ஆரம்பித்தார். கை தூக்கச் சொன்னார்கள். அவருக்காக எழுந்தவை இரண்டு கைகள். ஒன்று அவருடையது. இன்னொன்று, அவரிடம் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு மூன்று வாரமாகக் காத்திருந்த பால்காரருடையது. சொந்த மனைவி சலூன்காரருக்குத் தூக்கியிருந்தார்.

"உங்ககிட்ட ஆம்பளைங்க நின்னுக்கிட்டே அளவு குடுத்துட்டுப் போயிடறாங்க. அங்கதான உட்காருறாங்க?" என்றார் வீட்டில். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் டெய்லருக்கு இன்னும் எரிந்தது.

ஒரே ஆறுதல், நர்ஸம்மா கடைசியில் சொன்னது: "ஆறு மாசத்துக்கு இவர் பார்க்கட்டும். நடுவுல இவரால முடியலைன்னா மெஷின் டெய்லர்கிட்ட போகும்."

இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. நர்ஸம்மா ஐந்து நாள் வந்து சலூன்காரருக்குச் சொல்லிக்கொடுத்தபோதெல்லாம், இந்தப் பக்கம் தையல் மிதி ஓசை நின்றுவிடும். டெய்லரின் காது பலகையோடு ஒட்டியிருக்கும். அளக்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். அப்புறம், "காரணமில்லாம ஒருத்தர் இளைச்சாலோ, தண்ணி தண்ணின்னு குடிச்சாலோ சும்மா விட்டுடாதீங்க, சுகர் பார்க்க அனுப்பிடுங்க." அந்தப் பக்கம் படித்தவரைவிட இந்தப் பக்கம் ஒட்டுக்கேட்டவருக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. பொறாமைக்கு இத்தனை ஞாபகசக்தி எங்கிருந்துதான் வருகிறதோ!

சலூனில் கூட்டம் சேர்ந்தது. சுமைக்காரர்கள் முடிவெட்ட வந்து கையை நீட்டினார்கள். வர முடியாதவர்களைத் தேடி, கடைக்கு விடுமுறை விடும் நாளில் சலூன்காரரே மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அறைகளுக்கு நடந்தார். பதினோரு பேருக்கு பிரஷர் எகிறியிருந்தது தெரியவந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். தெருவே அவரை "டாக்டரய்யா" என்றது. ஒவ்வொரு "டாக்டரய்யா"வுக்கும் டெய்லர் ஊசியைத் துணியில் ஓங்கிக் குத்தினார்.

"என்ன டாக்டரே, ஆபரேஷன் எல்லாம் எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று பலகைக்கு மேலாகக் குரல் கொடுப்பார்.

"முதல்ல உங்க வாய்க்குத்தான் தையல் போடப்போறேன் அண்ணே!" என்பார் சலூன்காரர். சலூன் முழுக்கச் சிரிக்கும்.

இரண்டாவது மாதம் சலூன்காரர் பேண்ட்டோடு வந்தார். "டெய்லரண்ணே, இடுப்பு லூசாயிடுச்சு. பிடிச்சுக் குடுங்க."

நோட்டில் முப்பத்தாறு என்றிருந்தது. நாடா முப்பத்துநான்கு காட்டியது.

"என்னய்யா, சினிமாவுல சான்ஸ் கேக்கப் போறியா?"

"வாராவாரம் நடக்கிறேன்ல, அதான்."

டெய்லர் தன் தொப்பையை எக்கிக்கொண்டு எழுதினார். மெஷின்தான் போனது, இப்போது இடுப்பும் அவனுக்கா?

நான்காவது மாதம் அதே பேண்ட் மறுபடி வந்தது. "சனிக்கிழமை கூட்டத்துக்கு இதான் போடணும் அண்ணே, இருக்கிறதுல நல்லது இது ஒண்ணுதான்." முப்பத்திரண்டு. எழுதிய பேனா அங்கேயே நின்றது. சலூன்காரர் தன் கடைக்குத் திரும்பியதும், குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அது எத்தனையாவது தடவை?

நர்ஸம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. காரணமில்லாம இளைச்சா சும்மா விட்டுடாதீங்க. கூடவே இன்னொரு வாக்கியமும் வந்தது. நடுவுல இவரால முடியலைன்னா மெஷின் டெய்லர்கிட்ட போகும்.

இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லையே, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது ஒரு தப்பா என்று தன்னோடே வாதாடினார். நடக்கிற மனுஷன் இளைக்கத்தானே செய்வான்? ஆனால் அளவு நோட்டு அவரைச் சும்மா விடவில்லை. நடந்து இளைத்த எவனுக்கும் இவ்வளவு வேகமாக அவர் பேண்ட் பிடித்ததில்லை.

மூன்றாம் நாள் காலை பலகை இடுக்கில் பார்த்தார். பாதி சவரத்தில் சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெய்லர் எழுந்து போனார்.

"யோவ், உடனே போய் சுகர் பாரு. உன் உடம்பு சரியில்ல."

நாற்காலியில் நுரையோடு இருந்தவர்கூடச் சிரித்தார். "டெய்லரண்ணே, வயித்தெரிச்சல் இந்த அளவுக்கா?" என்றார் பெஞ்சிலிருந்த மேஸ்திரி.

"டாக்டருக்கே வைத்தியமா?" என்றார் சலூன்காரர்.

டெய்லருக்கு முகம் சுண்டிப்போனது. நான்கு மாதமாகத் தான் பேசிய பேச்சு, இன்று பேச வேண்டிய பேச்சைச் செல்லாததாக்கிவிட்டது புரிந்தது. கடைக்குத் திரும்பி, அந்தப் பேண்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை நாடாவில் முடிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சலூன்காரர் வந்தார். "பேண்ட் ரெடியா அண்ணே?"

"தைக்கல. தைக்கவும் மாட்டேன். சுகர் பார்த்த சீட்டைக் கொண்டா, பேண்ட்டை வாங்கிக்கோ."

"விளையாடாதீங்க. நாளைக்குக் கூட்டம்."

"வேட்டி கட்டிக்கிட்டுப் போ." நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "உன் மெஷின் பிரஷரைத்தான் சொல்லும். இது உன்னைப் பத்திச் சொல்லுது, படி. முப்பத்தாறு, முப்பத்துநாலு, முப்பத்திரண்டு. நாலே மாசம்."

சலூன்காரர் அந்த மூன்று எண்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "கடையை விட்டுட்டு எப்பண்ணே போறது? அங்க ஒரு மணிக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறதை நிறுத்திடறாங்க."

"நான் உட்கார்ந்திருக்கேன். வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன், போ."

மதியம் சீட்டோடு திரும்பி வந்தார். நானூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பார் என்று நர்ஸம்மா திட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு, டெய்லர் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டெய்லர் டீ வாங்கி வந்தார், சர்க்கரையில்லாமல்.

மறுநாள் கூட்டத்தில் நோட்டோடு எழுந்தவர் டெய்லர்தான். "ஊருக்கு அளக்கிறவனுக்கே தன்னை அளந்துக்க நேரமில்ல. சுமைக்காரங்களுக்கு எங்க இருக்கும்? நாங்க கடை மூடுறதுக்குள்ள நீங்க கதவைப் பூட்டிட்டா, அது யாருக்கான கதவு?" நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, இனி வியாழக்கிழமைகளில் இரவு எட்டு மணி வரை ரத்தம் எடுப்பது என்று முடிவானது.

அடுத்து மெஷின் பேச்சு வந்தது. "உங்களால முடியுமா?" என்று நர்ஸம்மா சலூன்காரரைக் கேட்டார்.

"மாத்திரை போட்டுக்கிட்டு முடியும்மா."

கை தூக்கச் சொன்னார்கள். கூட்டம் மொத்தமும் தூக்கியது. "டாக்டரய்யா, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று நாலாபக்கமும் ஒரே பாசம். வியாதி வந்தும் அவனுக்குத்தான் மாலை! டெய்லரின் கை எழுந்தது, ஆனால் தோள் உயரத்தோடு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பேண்ட்டை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார். முப்பத்திரண்டுக்குப் பிடித்தார். வழக்கமாக மிச்சத் துணியைக் கத்தரித்துவிடுவார். இந்த முறை கத்தரிக்கவில்லை. இரண்டு இன்ச் துணியையும் உள்ளேயே மடித்துத் தைத்தார், உடம்பு தேறினால் பிரித்துவிட.

"சீக்கிரம் பழைய தொப்பை வரட்டும் உனக்கு" என்று முணுமுணுத்தபடி நூலைப் பல்லால் கடித்தார்.