சவூதி மயில்

எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்று டிவியில் சொன்ன அன்று, நான் ஓடிப்போய் அம்மாவிடம் அந்த நல்ல சேதியைச் சொன்னேன். அப்போது எனக்கு எட்டு வயது. எண்ணெய் என்றால் எனக்குக் கடலை எண்ணெய்தான். விலை இறங்கினால் வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற பஜ்ஜியை இரண்டு நாளாக்கலாம் என்பது என் கணக்கு. அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே, “நம்ம மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் யாரும் சொல்லலபோல” என்றாள். இருவரும் சிரித்தோம். அது எந்த எண்ணெய் என்பது தனக்கும் அன்று உறைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

அத்தா, அதாவது என் அப்பா, சவூதியில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். பழுது பார்க்கும் ஆட்கள் ஏறி நிற்பதற்காக இரும்புக் குழாய்களை முடுக்கி முடுக்கி உயரமாகக் கட்டித் தருகிற வேலை. எண்ணெய்க்கு விலை இருந்தால் ஆலைக்கு வேலை இருக்கும், ஆலைக்கு வேலை இருந்தால் அத்தாவுக்கு வேலை இருக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி எங்கள் வீடு அப்படித்தான் எழும்பியது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படி எழும்பியவைதான். அடுத்த லீவில் மாடி கட்டலாம் என்று கம்பியை வெளியே நீட்டி விட்டிருந்தார்கள்.

எனக்கு அத்தா என்பவர் போனுக்குள் இருக்கிற ஒரு முகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த முகம் உடம்போடு வரும். அதற்கு வேன் பிடித்துக்கொண்டு குடும்பமே மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போகும். வழியில் செஞ்சியில் நிறுத்தி இட்லி சாப்பிடுவோம். அத்தாவைப் பார்க்கிற சந்தோஷம் பெரிதா, வேனில் ஜன்னலோரம் உட்காருகிற சந்தோஷம் பெரிதா என்று கேட்டிருந்தால் நான் திணறிப் போயிருப்பேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் போனிலிருந்த முகம் நின்றுபோனது. போன் கீழே விழுந்து கேமரா உடைந்துவிட்டது என்றார் அத்தா. குரல் மட்டும் வந்தது. டூட்டி மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, இரவில் பேசுகிறவர் சாயங்காலத்தில் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் சம்பளம் தள்ளிப் போகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொளவென்று கால்சட்டை விற்கிற கடைக்கு முன்பே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு மடங்காகத் துணி வாங்கி வந்தாள். வீடெல்லாம் வண்ண வண்ணமாக நூல் பறந்தது. நான் அந்தக் கால்சட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு காலையும் ஒரே பக்கம் விட்டு நடந்து காட்டுவேன். அம்மா சிரிப்பாள், ஆனால் மிஷின் நிற்காது.

ஒரு நாள் சாயங்காலம் அத்தா பேசிக்கொண்டிருந்தபோது போனுக்குள் ஒரு மயில் கத்தியது. சந்தேகமே இல்லை. மலையைச் சுற்றி இருக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது மயில் என்று தூக்கத்தில்கூடச் சொல்லும்.

“அத்தா, அங்க மயில் கத்துது” என்றேன்.

அத்தா பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், கட்டாகவில்லை. பிறகு, அது கம்பெனி மேனேஜர் வளர்க்கிற மயில் என்றார். அரபிக்காரர்கள் புலியே வளர்ப்பார்கள், மயில் என்ன பிரமாதம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் தையல் மிஷின் நின்றிருந்ததைக் கவனித்தேன், ஆனால் அவள் ஊசியில் நூல் கோக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா வந்து போனை வாங்கி, சாப்ட்டீங்களா, உடம்பு நல்லா இருக்கா என்று எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் பாலைவனத்தில் மயில் இருக்காது என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். எங்கள் அத்தா பக்கத்திலேயே கத்தியது, நானே காதால் கேட்டேன் என்று எழுந்து நின்று வாதாடினேன். டீச்சர் சவூதிக்குப் போனதே இல்லை என்பதைக் காரணம் காட்டி என் பெஞ்சுப் பிள்ளைகள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது, “நீ கேட்டது நெஜம்தான் பாப்பா. அத யாருகிட்டயும் இனிமே சொல்லாத” என்றாள். நிஜம் என்றால் ஏன் சொல்லக் கூடாது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தைத்த துணிகளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனோம். வழக்கமாகக் கடையில் துணியைக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, எதிர்ப்பக்கம் பஸ் ஏறிவிடுவாள் அம்மா. அன்று ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உள்தெருக்களுக்குள் நடக்க ஆரம்பித்தாள். அங்கே வீட்டுக்கு வீடு ரூம் வாடகைக்கு விடுவார்கள். காம்பவுண்டுச் சுவர்களில் மயில்கள் உட்கார்ந்திருக்கும். அம்மா என்னை மயில் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாள், டீச்சரிடம் தோற்றுப்போகாமல் இருக்கப் பயிற்சி தருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் அவள் நடை தளர்ந்து, உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் வேகமெடுத்தது. எனக்குக் கால் வலித்தது.

நீலக் கேட் போட்ட ஒரு வீட்டின் முன்னால் அம்மா சட்டென்று நின்றாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் தலையைப் பிடித்து இழுத்து முகத்தைத் தன் புர்காவுக்குள் புதைத்துக்கொண்டாள்.

“நாய் பாப்பா. அசையாத” என்றாள்.

கறுப்புத் துணியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செடிகளுக்கு யாரோ ஹோஸ் பைப்பில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நாய் குரைக்கவில்லை. என் முகத்துக்கு எதிரே அம்மாவின் வயிறு நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு நாய் என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. தைரியம் சொல்வதற்காக இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வெகு நேரம் கழித்துத்தான் என்னை விட்டாள், அதுவும் தெருமுனை தாண்டிய பிறகு. நாய் குரைக்கவே இல்லையே என்று கேட்டதற்கு, அது குரைக்காத நாய் என்றாள். அன்று எனக்கு இன்னொரு ரோஸ் மில்க்கும் கிடைத்தது.

நான் காலேஜுக்குப் போன பிறகுதான் அந்த வீட்டில் யார் இருந்தார் என்று அம்மா சொன்னாள். வேலை போய், கம்பெனிக்காரர்கள் டிக்கெட் போட்டு அனுப்பிவிட, அத்தா பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டார். வேங்கிக்கால் போகிற பஸ் எதிரே நின்றிருக்கிறது. அதில் ஏறக் கால் வரவில்லை. செங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். என்ன சொல்வது என்று யோசிக்க இரண்டு நாள் எங்காவது தங்கலாம் என்பதுதான் எண்ணம். தங்கிய வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடவும் கேட் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவைப்பட்டது. அம்மா கடைவரைதான் வருவாள், உள்தெருக்களுக்குள் நம் ஆட்கள் யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் இருந்துவிட்டார். அங்கிருந்த வைஃபையில் பழைய போனிலிருந்தே, அதே சவூதி நம்பரில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்.

ஏன் அவரை அங்கேயே கூப்பிடவில்லை, கேட்டைத் திறந்து உள்ளே போயிருக்கலாமே என்று அம்மாவைக் கேட்டேன்.

“கூப்ட்டிருந்தா அங்கயே செத்திருப்பாரு” என்றாள். “மானஸ்தன். நமக்குத் தெரிஞ்சிடுச்சினு தெரிஞ்சா பெங்களூரு, பம்பாய்னு போயிருப்பாரு. அப்புறம் மயில் சத்தம்கூட கேக்காது. அவரா வீட்டுக்கு வரணும். அதுக்கு என்ன வழினுதான் பாத்தேன்.”

அந்த வழியை அவள் போனிலேயே போட்டாள். அது நடந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். லீவு கேட்டுப் பாருங்க என்று ஆரம்பித்தாள். இப்போது தர மாட்டார்கள் என்றார் அத்தா. மறுநாளும் கேட்டாள். அத்தா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுபோல நாள் தவறாமல் லீவு, லீவு என்றே பேசினாள். ஒரு நாள் அத்தா, இத்தனை வருஷம் அங்கே இருந்துவிட்டு வெறுங்கையோடு வர முடியுமா என்று கேட்டார். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“ஒண்ணும் வாங்கினு வர வேணாம். இங்க எல்லாமே கெடைக்குதுங்க. நீங்க மட்டும் வாங்க.”

பிறகு அத்தா, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அம்மா விடாமல், ஏர்போர்ட்டுக்கு நாங்கள் வர முடியாது, பாப்பாவுக்குப் பரீட்சை என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. வேன் போச்சு, செஞ்சி இட்லி போச்சு, ஜன்னலோரம் போச்சு என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று நம்பி இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்துக்கு, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தா இறங்கினார். பெட்டியின் கைப்பிடியில் ஏர்போர்ட்டில் மாட்டிய லக்கேஜ் சீட்டு அழுக்கேறிக் கசங்கித் தொங்கியது. நகங்களுக்குள் செம்மண் இருந்தது. சவூதியில் மண் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். அம்மா வாசலுக்கு வந்து, “பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள். அத்தா தலையை ஆட்டினார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டி திறப்பது எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். அத்தா நடுவில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நாங்கள் சுற்றி இருப்போம். அன்று அம்மா, நீங்க டீ குடிங்க என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தானே உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய சாக்லேட் டப்பா இருந்தது. மேலே ஏதோ வெளிநாட்டு எழுத்து.

“பாப்பாவுக்கு வாங்கினு வந்தீங்களே. நீங்களே குடுங்க” என்று அத்தாவின் மடியில் வைத்தாள்.

அத்தா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தான் வாங்கிய பொருளையே அடையாளம் தெரியாத ஒருவரை அன்றுதான் பார்த்தேன். மெல்லத் திருப்பினார். அடியில் பச்சை இலை படம் போட்ட விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்த சீட்டு. அம்மா துணி கொடுக்கிற கடைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்குகிற கடையில் எல்லாப் பொருளிலும் அந்த இலை இருக்கும். அந்தக் கடைக்காரர் சவூதியிலும் ஒரு கடை போட்டுவிட்டார் என்று வியந்தேன். அத்தா கட்டைவிரல் நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டிச் சுரண்டி முழுதாக எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். தைத்த துணியில் ஒரு நூல் பிசிறைக்கூட விடாதவள் அந்தச் சீட்டை எப்படி விட்டாள் என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். அவசரத்துல பாக்கல என்பதுதான் இன்றுவரை அவள் பதில்.

வாய் நிறையச் சாக்லேட்டோடு, வெளிநாட்டிலிருந்து வருகிற யாரையும் எங்கள் தெருவில் முதலில் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்.

“அத்தா, எப்ப திரும்பப் போறீங்க?”

அத்தா டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள்.

“இந்தத் தடவ அத்தாவுக்கு லீவு ஜாஸ்தி.”

இதைவிடப் பெரிய சேதி ஏது? டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அங்கிள் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓமனிலிருந்து வந்து மாசக்கணக்காகிவிட்டது. எங்கள் அத்தாவுக்கு லீவு ஜாஸ்தி என்று அவரிடம் சொல்லி ஒரு சாக்லேட்டை நீட்டினேன். அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கும் ஜாஸ்திதாம்மா என்று சொல்லி, சாக்லேட்டை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் அத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும் லீவு ஜாஸ்தியாகவே கிடைத்தது. பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று விட்ட அந்தக் கம்பெனிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்தேன். அன்று அந்தியில் மஃரிப் தொழுகையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தி, அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன்.