திருக்கோவிலுக்கு அப்பால் நின்ற நெல் லொறி

1982 ஆவணி. காலை ஒன்பது மணிக்குக் கல்முனையில் பஸ் ஏறினோம். பொத்துவில் நாற்பத்தைந்து மைல். தங்கை நபீஸாவுக்கு அங்கே தாதியாக முதல் நியமனம். கொண்டுபோய் விட, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் நானும் கூடப் போனேன். சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நின்று நின்று போனது பஸ். கச்சான் காற்று அனலாக அடித்தது. அறுவடைக் காலம்; வீதி நெடுக நெல் லொறிகள்.

பதினொன்றரை மணி. திருக்கோவில் ஊரைத் தாண்டியதும் வீதிக்குக் குறுக்கே ஒரு லொறி நின்றது. அதன் சாரதி யாரையும் அடையாளம் தெரியாமல் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் சுருண்டு விழுந்தார்.

"ஜின் புடிச்சிட்டு, பேய் வேலதான்" என்றார் ஒருவர்.

நபீஸா இறங்கி அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. லொறியில் கூட வந்தவரிடம், "என்ன குடிச்சவர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு மூணு ராவா நித்திர இல்ல தங்கச்சி. முழிப்புக் குளிசையப் போட்டுப் போட்டுத்தான் லொறி ஓடினவர்."

"நிழலுக்குத் தூக்குங்க! சேட்டக் கழட்டுங்க. கெதியாத் தண்ணி!"

ஒருவர் போர்வையோடு வந்தார். "காய்ச்சலுக்குப் போத்த வேணும், புள்ள."

"இது காய்ச்சல் இல்ல காக்கா. அந்தக் குளிசை மருந்து உடம்பச் சூடாக்கும், களைப்பத் தெரியவிடாது. சூடு இறங்காட்டி மூளை பழுதாகும், கிட்னியும் நிண்டிரும்."

சோடாப் போத்தலோடு நீண்ட கையையும் தடுத்தாள்: "நினைவில்லாதவர்ர வாயில ஊத்தாதீங்க!"

வயலில் நின்றவர்கள் வாய்க்காலிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். பஸ்ஸிலிருந்த பெண்கள் துணிகளை நனைத்துக் கொடுத்தார்கள். பஸ் சாரதி ஒருவரையும் கேட்கவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி இருந்த அக்கரைப்பற்றுக்கே வண்டியைத் திருப்பினார். வழி முழுக்க நபீஸா ஈரத்துணியைக் கழுத்திலும் கக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கண் திறந்தார்.

"குளிரவைக்காமல் கொண்டு வந்திருந்தால் ஆள் தப்பியிருக்காது" என்றார் டொக்டர்.

நபீஸாவை வேலையில் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாரதிக்கு நினைவு தெளிந்திருந்தது. ஆனால் பேச்சுக் குழறியது. கை நடுங்கியதால் மனைவி கஞ்சி ஊட்டினார். நடுக்கம் முழுதாகப் போகுமா என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

"கண் மூடாம லொறி ஓடுறதப் பெருமையெண்டு நினைச்சன்" என்று சாரதி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "நீங்க அந்த நேர்ஸ் மிஸ்ஸுட காக்காவா?" என்று கேட்டார்.

பதினைந்து வருடமாகக் கல்முனையில் வாத்தியார் நான். நபீஸாவை எல்லோரும் வாத்தியாருடைய தங்கை என்றுதான் சொல்வார்கள்.

"ஓம்" என்றேன், நிமிர்ந்து நின்று. "நான் அவட காக்காதான்."