பக்கத்து வீட்டு வழியாக ஒரு கார்

போன வாரம் முனிசிபல் ஆபீஸிலிருந்து அனுமதி வந்தேவிட்டது! எங்கள் வீட்டுக் கல் சுவரை இடித்து, கேட் வைத்து, கார் உள்ளே வர வழி போட்டுக்கொள்ளலாமாம்.

சந்தோஷம்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

செகந்திராபாத்தில் எங்கள் தெரு வெள்ளைக்காரன் காலத்தது. கல் சுவர், மர வளைவு... பார்க்க வருகிறவர்கள் 'ஆஹா' என்பார்கள். குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் - ஓர் ஆணி அடிக்கவும் ஆபீஸில் போய் நிற்கவேண்டும்.

ராமச்சந்திராபுரம் ஃபாக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற எனக்குக் கார் எதற்கு? என் மனைவி ராஜத்துக்காக. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கண்ணில் நீர் முட்டும். டாக்டரிடம் போவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம். பேச்சே குறைந்துவிட்டது. அதனால்தான் ரிடையரான நண்பரின் பழைய காரை வாங்கினேன். நிறுத்துவது எங்கே? தெருவில் நிறுத்தினால் பால் வண்டி போகாது. மெயின் ரோடில் நிறுத்தினால் அவ்வளவு தூரம் அவளால் நடக்க முடியாது.

மனு கொடுத்தேன். "பழைய தெரு சார், முகப்பைத் தொடக்கூடாது. மேலிடத்துல கேக்கணும்" என்றார் அதிகாரி. மேலிடம் கமிட்டியைக் கேட்டது. கமிட்டியோ கூடுவதாக இல்லை.

பக்கத்து வீடு கான் சாகிபுடையது. குதிரை வண்டி வைத்திருந்த குடும்பம், பெரிய கேட். ஒருநாள் அவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேகத்தின் குரல் - "கைக்கு பாஹர் ரக்ரே? அந்தர் லாவ்!"

ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள், உள்ளே கொண்டுவாருங்கள் என்கிறார். அவர்கள் கேட் வழியாக வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் எங்கள் முற்றம். அந்தச் சுவர் தெருவிலிருந்து தெரியாது. யார் கேட்கப்போகிறார்கள்?

எடுத்தோம், யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை... கேட்டில் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முற்றத்தில் இருக்கும் பெண்கள் உள்ளே போனதும் பேகம் "ஹவ்", அதாவது 'ஆமாம், வரலாம்' என்று குரல் கொடுப்பார். அதன்பிறகே கார் நகரும்.

எனக்கு இது பிடித்ததா? சத்தியமாக இல்லை. சொந்த வீட்டுக்குப் போக, அடுத்த வீட்டு வாசலில் நிற்பதா? உள்ளே செருப்புச் சத்தம், வாளிச் சத்தம், சிரிப்பு... நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருப்பேன்.

ராஜம் உட்காரமாட்டாள். கேட்டிலேயே இறங்கித் திரைக்குள் போய்விடுவாள். கார் வீடு வந்துவிடும். அவள் வர வெகுநேரமாகும். எங்கள் வத்தக்குழம்பு அங்கே போயிற்று. அங்கிருந்து கத்திரிக்காய் பகாரா வந்தது. வேண்டாம் என்பதற்கு இப்போதெல்லாம் 'நக்கோ' என்கிறாள்! திரைக்குள்ளிருந்து அவள் சிரிப்பை முதன்முதலாகக் கேட்ட அன்று, எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆனாலும் கௌரவம் விடுகிறதா? அனுமதி வந்த மறுநாளே மேஸ்திரியைக் கூட்டிவந்துவிட்டேன். அவர் கடப்பாரையை எடுத்தார்.

"இருங்க, அந்தச் சுவர்ல கை வைக்காதீங்க" என்றாள் ராஜம்.

"ஏன்? அனுமதிதான் வந்தாச்சே?"

"நமக்குன்னு தனி கேட் வந்துட்டா, அப்புறம் அந்த வீட்டுக்கு யாருங்க போகப்போறாங்க?"

போகலாம்தான்... யார் தடுத்தார்கள்? ஆனால் அவசியமில்லாத வீட்டுக்குப் போவது மெல்ல மெல்ல நின்றுவிடும் என்பது நமக்குத் தெரியாதா என்ன? தனியாக ஒரு வசதி வந்ததும் நாம் எத்தனை பேரை இப்படி விட்டிருக்கிறோம்!

மேஸ்திரி விழித்தார். "ஏ கோடா சார்?" - எந்தச் சுவர் என்று தெலுங்கில் கேட்டார். ராஜம் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். இரண்டு சமையலறைக்கும் நடுச் சுவரில், பெண்கள் மட்டும் போய்வர ஒரு சின்னக் கதவு வேண்டுமாம். அந்தப் பக்கத்திலிருந்து "ஹவ், ஹவ், வஹீஞ்ச்!" என்று பேகம் குரல் கொடுத்தார். ஆமாம், அங்கேதானாம். முன்பே பேசிவைத்திருக்கிறார்கள்!

முனிசிபல் அனுமதி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கதவுக்கு யாருடைய அனுமதியும் வாங்கவில்லை - என்னுடையதையும் சேர்த்துத்தான்!