செங்கோட்டையன் பார்த்த கிரகம்

செங்கோட்டையன் அண்ணன் ஓட்டினால்தான் எனக்கு வண்டியில் தூக்கம் வரும். எங்கள் லாரிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஸ்டீயரிங்கில் இருந்தால் இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள் அல்லவா, அதைவிட இதற்குத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பேன். நான் லாசர், சேலத்துக்காரன். அவர் பரமத்தி வேலூர்ப் பக்கம். வெற்றிலைத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கேட்டவர்களிடம் "எனக்குக் கொடி பக்கத்துல நிக்கற பொறுமை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்கு ஓடி வந்தவர்.

அவர் ஓட்டும்போது பலகையில் படுத்திருந்தால் எந்த ஊர் தாண்டுகிறோம் என்றே தெரியாது. லாரிகள் கவிழ்கிற தொப்பூர் மலை இறக்கத்தில்கூடப் பிரேக் பிடித்தது தெரியாது. அடுத்தவன் எங்களுக்குக் குறுக்கே கட் அடித்தால் நானாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அவர் "போ சாமி, அவசரமாட்ட இருக்குது" என்று வழி விடுவார்.

ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கோளாறு என்று வந்துவிட்டால் டீசல் ஃபில்டரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். நல்லதைத் தள்ளி வைத்துக்கொண்டே போனால் கெட்டது தானாக மாட்டும் என்பார். வெயிலில் என்னையும் நிற்க வைத்து உயிரை எடுப்பார். ஆனால் கடைசியில் மாட்டும்.

போன வருடம் நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் டீ கிளாசோடு விழுந்தார். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அரை மணி நேரம் முன்னால் அவர்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

சேலத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் ஒன்றும் வராமல் இருக்கட்டும், வண்டி ஓட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். வலிப்பு என்றால் விழுவது மட்டும் இல்லை; சில சமயம் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நினைவு போய்த் திரும்பும், போனதே உங்களுக்குத் தெரியாது என்றார். வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தார். "எனக்குத் தெரியாம நான் எங்கடா போவேன்?"

வீட்டில் உட்கார வைத்ததும் மனுசன் கூண்டுக்குள் அடைத்த கணக்காக ஆகிவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நர்மதாதான் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மின்னுகிற வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் திரையை மங்கலாக வைத்தாள். ஒரு கப்பல், ஒரு நட்சத்திரத்தில் லோடு ஏற்றி இன்னொரு நட்சத்திரத்தில் இறக்க வேண்டும். அண்ணன் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். "டோல்கேட்டும் இல்ல, ஆர்டிஓவும் இல்ல. சொர்க்கம்டா லாசரு" என்று எனக்குப் போன் செய்தார். அவர் மனைவி வசந்தாமணி அக்கா மட்டும், "பூமில ஓட்டுனது பத்தாதுன்னு ஆகாசத்துல ஓட்டறாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படி ஓட்டிப் போனபோதுதான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். பெரிய நட்சத்திரம் ஒன்று செத்து நசுங்கிய மிச்சமாம். சேலத்திலிருந்து ஓமலூரைத் தாண்டுகிற தூரம், இருபது கிலோமீட்டர்தான் அகலம், எடையோ நம் சூரியனைவிட அதிகம் என்று நர்மதா சொன்னாள். அதை ஒட்டி ஒரு கிரகம் சுற்றுகிறது. மற்ற கிரகங்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. இது அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நட்சத்திரம் இழுக்கிற இழுப்புக்கு விழாமல் இருக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அண்ணன் கப்பலை ஓரம் கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லோடு எடுப்பதைக்கூட விட்டுவிட்டார். நிற்காமல் ஓடுகிற ஒன்றைப் பார்ப்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் புகார் ஆரம்பித்தது. கிரகம் குதிக்கிறதாம். "இக்கட்ட இருந்துச்சு சாமி, பாத்துட்டே இருக்கறேன், டக்குனு அக்கட்ட போயி நிக்குது. நெட் ஸ்டக் ஆகுது."

வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நெட் கம்பெனியை மாற்றினார். வயரை மாற்றினார். பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். அதன் பிறகும் கிரகம் குதித்தது. போனில் இதைச் சொல்லும்போது அவர் குரலில் எரிச்சல் இருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது, நானும் சிரித்தேன்.

டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடியப் போகிறது என்று நாங்கள் இருவரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். முதலாளி அவருக்காக வண்டியில் இடம் வைத்திருந்தார். தற்காலிகமாக வந்தவன் ஓட்டினால் எனக்குக் கண்ணே மூடாது. அண்ணன் வந்துவிட்டால் போதும் என்று செபமாலை சொன்னேன். டாக்டரிடம் போவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடித்து நேராகப் பரமத்தி வேலூர் பஸ் ஏறினேன்.

"வா சாமி, நல்ல நேரத்துல வந்த. இன்னைக்கு நீயே பாரு. நீ ஒரு சாட்சி" என்று பக்கத்தில் நாற்காலி போட்டார். திரையில் நீல வெள்ளையாக ஒரு புள்ளி, அதுதான் நட்சத்திரம். கிரகம் இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்கா டீ கொண்டு வந்தார்.

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். "அடுத்த லோடு எதுவானாலும் தொப்பூர் எறக்கம் நான்தான்டா. நீ தூங்கு. செகண்ட் கியர்ல போட்டு அப்படியே..."

நின்றார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தன. கண் திறந்திருந்தது. "அண்ணா" என்றேன். திரையில் கிரகம் ஒரு தடங்கலும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு, நட்சத்திரத்தைத் தாண்டி வலது பக்கம் போனது. "அண்ணா" என்று மறுபடியும் கூப்பிட்டேன். அக்கா டீத் தட்டோடு அசையாமல் நின்றார்.

அண்ணன் சட்டென்று திரையைக் கை காட்டினார். "பாத்தியா! குதிச்சிருச்சு! நீயே பாத்தீல்ல?"

திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் வண்டிக்கு வருவார், நானும் தூங்கலாம். அக்கா என்னையே பார்த்தார்.

"குதிக்கலைங்கண்ணா" என்றேன். "நேராத்தான் போச்சு."

"போடா. மறுக்கா பாரு."

மறுபடியும் பார்த்தோம். இமைக்காமல், கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். இரண்டு சுற்று ஒன்றும் ஆகவில்லை. பார் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. அடுத்த சுற்றில் அந்த விரல்கள் பொத்தானைத் தேடிப் போயின.

நினைவு திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. நெட் மாற்றியாகிவிட்டது, வயர் மாற்றியாகிவிட்டது. கழற்றிப் பார்க்காமல் மிச்சம் இருந்தது எது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"டாக்டருகிட்டச் சொல்லாத லாசரு" என்று என் கையைப் பிடித்தார். அந்த மனுசன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "சின்னச் சின்னதுதான்டா. நீதான் கூட இருக்கறியே. பாத்துக்க மாட்டியா?"

"நீங்க ஓட்டறப்ப நான் தூங்கிட்டு இருப்பேங்கண்ணா."

கையை விட்டார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் திரையில் விரலை வைத்தார். "இங்கிருந்து இங்க வார நேரத்துக்குத் தொப்பூர் எறக்கத்துல வண்டி எங்க வந்திருக்கும்?"

அவருக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். வளைவு தாண்டியிருக்கும், ரோடு முடிந்திருக்கும். அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "தொப்பூர் எறங்குனதும் ஒரு போன் போடு சாமி."

டாக்டரிடம் அவரே சொல்லிவிட்டாராம். வேறு மாத்திரை கொடுத்தார்களாம். லாரியை இனி மறந்துவிடுங்கள் என்றார்களாம். அக்கா போனில் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஓசூரிலிருந்து லோடோடு வந்தேன். தொப்பூர் இறக்கத்தில் வண்டியை நானே இறக்கினேன். கீழே வந்து ஓரம் கட்டிப் போன் போட்டேன்.

"எறங்கிட்டேங்கண்ணா."

"நல்லா எறங்குனியா?"

"செகண்ட் கியர்லதாங்கண்ணா."

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. "அண்ணா?" என்றேன். அழுகிறாரா, இல்லை அங்கேயே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் படுத்திருந்தவன் எழுந்து ஏன் நிற்கிறோம் என்று கேட்டான். அவனைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் திரும்பி வரட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.